குளிர்ந்து நீலமான மடியும் தாயில்லாக் குட்டியும்

அரவக்குறிச்சிப் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியது:

"எங்கள் பட்டியில் 45 மேச்சேரிச் செம்மறி ஆடுகள் உள்ளன. கோடைத் தொடக்கத்தில் குட்டி போட்ட ஆடு ஒன்று ஐந்தாம் நாள் பின்னங்காலை அகட்டி வைத்து நொண்டியது. முள் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் மடியின் ஒரு பக்கம் வீங்கி, நீலமாக, தொட்டால் சில்லென்று இருந்தது. பீச்சினால் கறி கழுவிய தண்ணீர் போல வந்தது. அதற்கடுத்த நாள் ஆடு செத்துவிட்டது. அதன் குட்டி மற்ற ஆடுகளிடம் திருடிக் குடித்துப் பிழைத்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து இன்னோர் ஆட்டுக்கு ஒரு பக்க மடி கல்லானது. மாட்டுக்கு வாங்கியதில் பாதி மிச்சமிருந்த மடி டியூபை ஏற்றினோம். வீக்கம் வற்றியது, ஆனால் எலுமிச்சங்காய் அளவில் கட்டி நிற்கிறது. பால் தண்ணீராக வருகிறது. டியூப் போட்டு இன்றோடு ஆறு நாள். இது என்ன கிருமி? மற்றவற்றுக்குப் பரவுமா? இந்த ஆட்டை வைத்துக்கொள்வதா, கறிக்கு விற்றுவிடுவதா?"

வணக்கம் அம்மா.

குட்டி போட்ட ஒரு வாரத்துக்குள் தாயாட்டை இழந்த வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு மருத்துவர் கேட்க வேண்டிய விவரங்கள் எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. எந்த நாளில் நொண்டியது, மடி சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, பால் எப்படி வந்தது, அனாதைக் குட்டி எங்கே குடித்தது என்ற நான்கும் நோயின் காரணத்தைத் தேடும்போது பெரிதும் உதவுபவை. பரிசோதனை இல்லாமல் கிருமியின் பெயரை உறுதியாகச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது என்றாலும், எந்தக் கிருமிகளின் மீது சந்தேகம் கொள்வது, அவை எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பதை உங்கள் விவரங்களைக் கொண்டே சொல்லலாம். மடிக்குள் நுழையும் பாக்டீரியா ஒவ்வொன்றுக்கும் மந்தையில் ஓர் இருப்பிடம் உண்டு. அந்த இருப்பிடத்தை அறிந்தால்தான் அடுத்த ஆட்டைக் காக்க முடியும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இறந்த ஆட்டுக்கு வந்தது அழுகல் மடிநோய். மடி முதலில் சிவந்து சூடாகி, சில மணி நேரத்திலேயே ரத்த ஓட்டம் நின்று, நீலம் பாரித்துக் குளிர்ந்துவிடும் வகை இது. செம்மறியில் இந்த வடிவத்தை உண்டாக்குபவற்றில் முதன்மையானவை இரண்டு கிருமிகள்: ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மற்றொன்று மான்ஹைமியா ஹீமோலிட்டிகா. 1887ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் எட்மண்ட் நோகார், பால் கறக்கும் செம்மறிகளில் மடி அழுகும் நோயை ஆராய்ந்து, உருண்டை வடிவக் கிருமி ஒன்றை அதற்குக் காரணமாகக் காட்டினார். அந்தக் கிருமியைத்தான் இன்று ஸ்டஃபைலோகாக்கஸ் என்கிறோம். நுண்ணோக்கியில் திராட்சைக் குலை போலத் திரண்டு தெரியும் இந்தக் கிருமி, ஆட்டின் காம்புத் தோலிலும், காம்பில் உள்ள சிறு வெடிப்பிலும், குட்டியின் மூக்குத் துவாரத்திலும், ஏன், கறப்பவரின் கையிலும்கூட வாழ்வது. தோல் முழுதாக இருக்கும் வரை அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. உங்கள் பகுதியின் மேய்ச்சல் நிலங்களான கொரங்காடுகளில் முள்கிளுவை வேலியைத் தாண்டும்போதோ, வெள்வேல முள்ளில் உராயும்போதோ மடியில் கீறல் விழுந்தால் அதற்கு வழி திறந்துவிடுகிறது. உள்ளே நுழைந்ததும் அது வெளியிடும் ஆல்ஃபா நச்சு, ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்து அவற்றின் சுவரையும் சிதைக்கிறது. ரத்தம் போகாத திசு செத்துப் போவதால்தான் நீங்கள் தொட்டபோது மடி சில்லென்று இருந்தது. பாலில் கலந்து வந்த சிவப்பு, சிதைந்த குழாய்களிலிருந்து கசிந்த ரத்தம். ஆட்டைக் கொல்வது மடியில் உள்ள புண் மட்டும் இல்லை; அங்கிருந்து உடல் முழுவதும் பரவும் நச்சே கொல்கிறது. செம்மறியின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. இந்த நோயில் அது முதலில் 105, 106 என்று ஏறி, நச்சு முற்றும்போது இயல்புக்கும் கீழே இறங்கிவிடும். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆடு தேறிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில்தான் பல ஆடுகள் இறக்கின்றன.

இரண்டாவது கிருமியான மான்ஹைமியாவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்த அனாதைக் குட்டி. மான்ஹைமியாவுக்கு முன்பு பாஸ்சுரெல்லா ஹீமோலிட்டிகா என்று பெயர். 1999இல்தான் தனிப் பேரினமாகப் பிரித்துப் பெயர் மாற்றினார்கள். அதனால் பழைய நூல்களிலும் சில ஆய்வக அறிக்கைகளிலும் பழைய பெயரையே காண்பீர்கள். ஆடுகளுக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் அதே கிருமிதான் இது. இதன் இருப்பிடம் நலமாகத் துள்ளித் திரியும் குட்டியின் தொண்டையும் உள்நாக்குப் பகுதியும். குட்டிக்கு எந்த நோயும் தெரியாது. ஆனால் அது பால் குடிக்கும்போது வாயிலிருந்து காம்பு நுனிக்குக் கிருமி போய்ச் சேர்கிறது. தாயின் காம்புத் துவாரம் நன்றாக மூடிக்கொண்டால் கிருமி வெளியிலேயே தங்கிவிடும்; காம்பில் கடிபட்ட புண் இருந்தாலோ, பால் வற்றிய மடியைக் குட்டி ஓயாமல் முட்டி இழுத்தாலோ உள்ளே ஏறிவிடும். தாயில்லாத குட்டியோ ஒரே ஆட்டிடம் குடிப்பதில்லை. பின்பக்கமாக வந்து, தாயாடு தன் சொந்தக் குட்டிக்குப் பால் கொடுக்கும் நேரம் பார்த்து, பட்டியில் உள்ள பல மடிகளில் வாய் வைத்துவிடும். இறந்த ஆட்டின் மடியில் இருந்தது எதுவாயினும், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆனாலும் மான்ஹைமியா ஆனாலும், அதைக் கடைசி வரை உறிஞ்சிய வாய் அந்தக் குட்டியுடையது. இரண்டாம் ஆட்டிடமும் அது குடித்ததா என்று நீங்கள் எழுதவில்லை. தயவுசெய்து வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள். குடித்திருந்தால், இரண்டு நோய்களும் ஒரே தொடரின் இரு கண்ணிகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நாட்களும் இதற்குப் பொருந்திப் போகின்றன. செம்மறியில் மடிநோய் மிகுதியாக வருவது குட்டி போட்ட முதல் வாரத்திலும், பிறகு மூன்றாவது நான்காவது வாரங்களிலும்தான். முதல் வாரத்தில் மடி கனத்துக் காம்பு மிருதுவாக இருக்கும். மூன்றாம் நான்காம் வாரத்தில் தாயின் பால் உச்சத்தை எட்டி நின்றுவிட, குட்டியின் பசியோ நாளுக்கு நாள் வளர்கிறது. கோடையில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து, தாய்க்கே வயிறு நிரம்பாதபோது இந்த இடைவெளி இன்னும் அகன்றுவிடுகிறது. பசித்த குட்டி காம்பைக் கடிக்கிறது, வலித்த தாய் உதைத்துத் தள்ளுகிறது, பீய்ச்சப்படாத பால் தேங்குகிறது, தேங்கிய பாலில் கிருமி பெருகுகிறது. எனவே மடிநோயைத் தடுப்பதற்கான முதல் செலவு மருந்துக் கடையில் இல்லை, தீவனத் தொட்டியில்தான் என்பது என் உறுதியான கருத்து. சினையின் கடைசி ஒன்றரை மாதத்திலும் குட்டி பால் குடிக்கும் முதல் இரண்டு மாதத்திலும், மேய்ச்சலோடு ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் வரை அடர்தீவனமும், கடலைக்கொடி, சூபாபுல், முருங்கைத் தழை என்று உங்களுக்குக் கிடைப்பதில் ஏதேனும் ஒன்றும் கொடுங்கள். முருங்கைக்குப் பெயர்போன ஊர்ப் பக்கம் இருக்கிறீர்கள். கவாத்து செய்த தழையை வீணாக்க வேண்டாம்.

இனி இரண்டாம் ஆடு. வீக்கம் வற்றிக் கட்டி நிற்பதைக் குணம் என்று கொள்ள முடியாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித் திசுவுக்குள் ஆழமாகப் புகுந்து, தன்னைச் சுற்றிச் சீழ்க்கட்டியும் நார்ச்சுவரும் எழும்பும்படி செய்து, அதற்குள் மருந்து எட்டாமல் ஒளிந்துகொள்ளும் இயல்புடையது; அதன் பல வகைகள் பென்சிலினைச் சிதைக்கும் நொதியையும் உற்பத்தி செய்கின்றன. ட்ரூபெரெல்லா பயோஜீன்ஸ் என்ற இன்னொரு கிருமியும் கெட்டியான, நாற்றமடிக்கும் சீழுடன் கட்டிகளை உண்டாக்கும். கட்டி மடியின் உள்ளே இல்லாமல், பின்பக்கம் மேலே, தொடைக்கு அருகில் தோலோடு ஒட்டி உருண்டையாக இருந்தால், அது கோரினிபாக்டீரியம் சூடோடியூபர்குலோசிஸ் என்ற கிருமியால் நிணநீர்க்கணுவில் வந்த கட்டியாகவும் இருக்கலாம். அப்படியானால் அதே ஆட்டின் தாடைக்குக் கீழும் தோளுக்கு முன்னும் தடவிப் பாருங்கள், அங்கும் கட்டி இருக்கக்கூடும்.

பாதி மிச்சமிருந்த டியூபைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அவசரத்தில் கையில் கிடைத்ததைச் செய்தீர்கள் என்பது புரிகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மடி டியூப் ஒரு காம்புக்கு ஒரு முறை மட்டுமே பயன்படுத்துவதற்கு உரியது. திறந்து வைத்த டியூபின் மூக்கில் தூசியும் ஈரமும் படிந்து, சூடோமோனாஸ் ஏருஜினோசா போன்ற நீர்வாழ் கிருமிகள் குடியேறும். அவை மடிக்குள் போனால் பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காதவை. மேலும் மாட்டின் காம்புக்கு ஏற்றபடி செய்த மூக்கைச் செம்மறியின் குறுகிய காம்புத் துவாரத்தில் முழுவதுமாக நுழைக்கும்போது, கிருமியைத் தடுத்து நிற்கும் உள்தோலே கிழிந்துவிடுகிறது. பிற்பாடு ஒரு காலத்தில் மருத்துவர் சொல்லி டியூப் போட நேர்ந்தால், புதிய டியூபாக எடுத்து, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மூக்கின் நுனியை மட்டும் துவாரத்தில் பொருத்தி மெதுவாக அழுத்தினால் போதும்.

இவை தவிர வேறு சில கிருமிகளும் உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள் செம்மறியில் மாட்டைப் போல அவ்வளவு மிகுதியாகக் காணப்படுவதில்லை. இ.கோலை, கிளெப்சியெல்லா ஆகியவை சாணமும் சிறுநீரும் ஊறிய ஈரப் பட்டியிலிருந்து வருபவை. மழைக்காலத்தில் இவற்றைக் கவனிக்க வேண்டும். வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல், வீக்கமோ காய்ச்சலோ இல்லாமல், பாலை மட்டும் மெல்லக் குறைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், சிமுலன்ஸ் போன்ற தோல்வாழ் கிருமிகளும் இருக்கின்றன. இவற்றால் ஆடு சாவதில்லை. குட்டிதான் எடை ஏறாமல் தேங்கி நிற்கும். அப்படிச் சந்தேகம் இருந்தால், 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, அதையும் பாலையும் சம அளவு கலந்து ஒரு தட்டில் சுழற்றுங்கள். கலவை கூழ் போலத் திரண்டால் அந்தப் பக்க மடியில் அழற்சி இருக்கிறது என்று பொருள். எந்தக் கிருமி என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

ஒரே ஒரு கிருமியை மட்டும் தனியாக எடுத்துச் சொல்கிறேன். மந்தையில் பல ஆடுகளுக்கு ஒரே நேரத்தில் பால் வற்றி, அத்துடன் சிலவற்றுக்கு முழங்கால் வீங்கி, சிலவற்றுக்குக் கண் சிவந்து வெண்படலம் விழுந்தால், மைக்கோபிளாஸ்மா அகலாக்டியே என்ற கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். இதற்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைத் தாக்கி வேலை செய்யும் பென்சிலின் வகை மருந்துகளை எத்தனை நாள் போட்டாலும் பலன் இராது. உங்கள் மந்தையில் மூட்டு வீக்கமோ கண் நோயோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை என்பது ஆறுதல்.

வீக்கம் என்ற ஒரே தோற்றத்துக்குப் பின்னால் இத்தனை கிருமிகள் நிற்பதால்தான், ஊசிக்கு முன்னால் பால் மாதிரி எடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். மருந்து ஏறிய மடியிலிருந்து எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். டியூப் போட்டு ஆறு நாள்தான் ஆகிறது என்பதால் இன்னும் மூன்று நான்கு நாள் பொறுத்து எடுப்பது நல்லது. ஆடு காய்ச்சல் கண்டு தீவனத்தை விட்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். மாதிரி எடுக்கும் முறையில் தவறினால் ஆய்வகத்தில் உங்கள் பட்டிச் சாணத்தின் கிருமிதான் வளரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, மடியை ஈரமில்லாமல் துடைத்து, காம்பு நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பஞ்சில் அழுக்குப் படியாத வரை துடைத்து, அது உலர்ந்த பிறகு முதல் இரண்டு மூன்று பீச்சை வேறு பாத்திரத்தில் விட்டுவிட்டு, கிருமிநீக்கம் செய்த குப்பியைச் சாய்வாகப் பிடித்து, காம்பு குப்பியின் வாயில் படாமல் ஐந்து மில்லி அளவு பிடியுங்கள். நோயுள்ள பக்கத்துக்கும் நல்ல பக்கத்துக்கும் தனித்தனிக் குப்பி வேண்டும். செம்மறியின் மடி உள்ளே சுவரால் இரண்டாகப் பிரிந்தது, ஒரு பக்கத்துப் பால் மறுபக்கம் கலப்பதில்லை. குப்பிகளை ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவையோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியையோ உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் மூலம் அணுகலாம். எந்தக் கிருமி என்பதோடு, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்ற சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

முதல் ஆட்டைப் போல இன்னொன்று நீலம் பாரித்தால், அப்போது ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை. மாதிரியைப் பிடித்து வைத்துவிட்டு, அந்த மணிக்கே மருத்துவர் நரம்பு வழியாகவோ தசை வழியாகவோ கிருமிக்கொல்லியும், வலியும் அழற்சியும் குறைக்கும் மருந்தும், தேவையானால் குளுக்கோஸும் கொடுக்க வேண்டும். கறுத்த பாதி மடி திரும்ப உயிர் பெறாது. ஆட்டின் உயிரைக் காப்பதே அப்போது நோக்கம். என் பணியின் தொடக்க ஆண்டுகளில் இப்படி ஒரு தாயாட்டைப் பார்த்தேன். பிழைத்துக்கொண்டது, ஆனால் செத்த பாதி உரிந்து விழ இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் ஈ மொய்த்துப் புழு வைக்காமல் பார்த்துக்கொள்வதற்காக அந்த வீட்டுப் பாட்டி காலையும் மாலையும் புண்ணைக் கழுவி மருந்து போட்டார். அந்த ஆடு பட்ட வலியைப் பார்த்த பிறகு, கறுப்புக்கும் நல்ல தோலுக்கும் எல்லைக்கோடு தெளிந்ததும் செத்த பாதியை மயக்க மருந்து கொடுத்து அறுத்து நீக்கிவிடுவதே இரக்கமான வழி என்று பரிந்துரைத்து வருகிறேன்.

கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்த பூச்சு மாட்டு மடிநோய்க்குப் பரவலாகச் சொல்லப்படுவது, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மடி சூடாகச் சிவந்து, ஆடு நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும் லேசான நிலையில், மருத்துவத்தோடு சேர்த்து அதைப் பூசுவதற்கு எனக்கு மறுப்பில்லை. மடி குளிர்ந்த பிறகு அதை மட்டும் நம்பி ஒரு பகலைக் கழிப்பது ஆட்டை இழப்பதில் முடியும்.

பரவுமா என்று கேட்டீர்கள். காற்றில் பரவாது; வாய், கை, ஈரத் தரை ஆகிய மூன்றின் வழியாகப் பரவும். ஆகவே அந்த அனாதைக் குட்டியை இன்றே தனியாகப் படல் அடைத்துப் பிரித்துவிடுங்கள். அதைப் பட்டினி போட வேண்டாம். காய்ச்சி உடல் சூட்டுக்கு ஆறிய பசும்பாலையோ வெள்ளாட்டுப் பாலையோ, ஐந்து கிலோ எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, நான்கு வேளையாகப் பிரித்துப் புட்டியில் கொடுங்கள். இந்த வயதில் அது தழையும் கடித்துப் பழகும். இரண்டாம் ஆட்டின் குட்டியையும் நோயுள்ள காம்பில் விடாமல் புட்டிக்கு மாற்றுவதே பாதுகாப்பு. அந்தக் குட்டியும் வேறு மடியைத் தேடிப் போகாதபடி இதே படலுக்குள் இருக்கட்டும். நோய்ப் பாலைத் தரையில் பீச்சாமல் பாத்திரத்தில் பிடித்து, பிளீச்சிங் பவுடர் கலந்து குழியில் ஊற்றி மூடுங்கள். நோயுள்ள ஆட்டை எப்போதும் கடைசியாகத் தொடுங்கள், தொட்ட கையைக் கழுவுங்கள். அந்தப் பாலை வீட்டில் யாரும் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் ஸ்டஃபைலோகாக்கஸ் செத்துவிடும், ஆனால் அது ஏற்கெனவே பாலில் விட்டுவைத்த நச்சு கொதிக்கும் சூட்டிலும் அழியாமல் நின்று வாந்தியை உண்டாக்கும்.

இரண்டாம் ஆட்டை வைத்துக்கொள்வதா என்பதில் என் பதில் தெளிவானது: அடுத்த ஈற்றுக்கு வைக்க வேண்டாம். கட்டியுள்ள மடி அடுத்த முறை பாதிப் பாலே தரும், கிருமியும் குட்டிக்குக் குட்டி போய்க்கொண்டிருக்கும். ஆனால் இப்போதே விற்கவும் கூடாது. மருந்தின் மிச்சம் இறைச்சியில் தங்கும். டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் விலக்கு நாட்கள் மாட்டுக்குக் கணக்கிட்டவை என்பதால், கடைசி மருந்து போட்ட நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரம் கழியட்டும் என்று சொல்வேன். அதற்குள் ஆட்டுக்குக் காய்ச்சல் இல்லாமல், தீவனம் தின்று, உடல் தேறியிருக்கவும் வேண்டும். வாங்குபவர் அதை வளர்ப்புக்கு என்று கேட்டால் மடியின் நிலையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்னொரு பட்டிக்கு இந்தக் கிருமி போக வேண்டாம்.

மீதமுள்ள தாயாடுகள் அனைத்தின் மடியையும் நாளைக் காலை, பட்டியைத் திறப்பதற்கு முன், ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவா, ஒரே சூடா, காம்பில் கடி அல்லது கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஓர் ஆட்டுக்கு அரை நிமிடம் போதும். குட்டிக்குப் பால் கொடுக்கும் ஆடு பின்னங்காலை அகட்டி நொண்டினால், குளம்பைப் பார்க்கும் முன் மடியைப் பாருங்கள். ஒரு பக்கம் சூடாகவோ சில்லென்றோ இருந்தால் அன்றைய மாலைக்குக்கூடத் தள்ளிப்போடாமல் உங்கள் மருத்துவரை அழையுங்கள், அல்லது நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் சொல்லுங்கள். மாதிரிக் குப்பி ஒன்றை மருத்துவமனையில் கேட்டு வாங்கி இப்போதே வீட்டில் வைத்திருங்கள்.